ஃபியூஸ் கம்பியிலிருந்து ஃபியூஷன் கிட்டார் வரை

மின்கட்டணம் கட்டாத வீட்டைப் பற்றி அம்பத்தூர்ப் பக்கம் பேச்சு வந்தால் இன்றும் இப்படித்தான் வரும்: "ஈ.பி.காரங்க வந்து ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க." வீட்டுக்கு வீடு எம்.சி.பி. சுவிட்ச் வந்து எத்தனையோ காலமாகிறது. பீங்கான் கேரியரைக் கழற்றி, அறுந்த கம்பியை எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் பேச்சிலிருந்து மட்டும் ஃபியூஸ் போகவில்லை. பல்பு எரியாவிட்டாலும் ஃபியூஸ் போச்சு, ஆளுக்குத் தெம்பு குறைந்தாலும் ஃபியூஸ் போச்சு.

அந்தக் கம்பிக்கு ஏன் அந்தப் பெயர் என்பது பள்ளிப் பாடநூலைத் தமிழில் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. 'உருகு இழை' என்று எழுதினார். அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் உருகும், உருகி அறுந்து வீட்டைக் காப்பாற்றும். உருகுவதுதான் அதன் வேலை, அதுவே அதன் பெயர்.

இந்த ஆராய்ச்சி தொடங்கியது இசையிலிருந்துதான். அக்கா மகன் பட்டரவாக்கம் பக்கம் ஒரு டை காஸ்டிங் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். நைட் ஷிப்ட் முடிந்து ஆவடிக்குத் திரும்பும் நேரத்தில் ஏதாவது பாட்டு கேட்பது வழக்கம். "மாமா, ஜாஸ் ஃபியூஷன் கிட்டார்னு தேடினா கொட்டுது. எதை முதல்ல கேக்கறது? அப்புறம், ஃபியூஷன்னா உண்மையில என்ன?" என்று கேட்டான். முதல் கேள்விக்கு ஒரு பட்டியல் போதும். இரண்டாவது கேள்விதான் லத்தீன் வரை இழுத்துக்கொண்டு போனது. போய்ப் பார்த்தால் அங்கே இருந்தது அவன் தினமும் செய்கிற வேலை.

ஃபியூஷன் என்பது லத்தீன் மொழியின் 'ஃபுந்தெரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. அந்த வினைக்கு முதற்பொருள் ஊற்றுதல். அடுத்த பொருள், உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுதல். அதன் இறந்தகால எச்சம் 'ஃபூசுஸ்'. இதிலிருந்து ஃபியூஷன் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதற்கு உருகுதல் என்று மட்டுமே பொருள். இசையோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. மின்சார ஃபியூஸ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே வேரில் முளைத்தது. பட்டாசுத் திரிக்குச் சொல்லும் ஃபியூஸ் வேறு குடும்பம்: அது நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் நம் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். வார்ப்பட ஆலையை ஃபவுண்டரி என்கிறோமே (தொழிற்பேட்டையில் 'பவுண்டரி' என்றுதான் சொல்வார்கள், கிரிக்கெட் பவுண்டரிக்கும் அதற்கும் உறவில்லை), அது பிரெஞ்சு வழியாக வந்த ஃபுந்தெரேதான். செல்போனில் மாற்றுகிற 'ஃபாண்ட்' என்ற எழுத்துருவும் அதே வீட்டுப் பிள்ளை. அச்சகங்களில் ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்த காலத்தின் மிச்சம். ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு நாம் காத்திருக்கும் 'ரீஃபண்ட்' என்றால் திருப்பி ஊற்றுவது. சீட்டுக் கம்பெனியின் 'ஃபண்டு' மட்டும் வேறு: அதற்கு மூலம் 'அடித்தளம்' என்ற பொருளுள்ள இன்னொரு சொல். சீட்டுப் பணம் எங்கே போகிறது என்பது அடித்தளத்துக்கே தெரியாது என்பது தனிக்கதை.

கடைசி உறுப்பினர் கன்ஃபியூஸ். 'கன்ஃபியூஸ் ஆயிட்டேன்' என்று சொல்லாத தமிழர் இல்லை. அதன் மூலப்பொருள், ஒன்றாகச் சேர்த்து ஊற்றிவிடுவது. கச்சேரி மேடைகளில் 'இது ஃபியூஷனா, கன்ஃபியூஷனா' என்று ஒரு நகைச்சுவை ஓடும். சபா வாசலில் காபி குடிக்கிற யாரும் அதைக் குறைந்தது ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். சொல்பவருக்குத் தெரியாமலே அது சரியான சொல்லாராய்ச்சி.

லத்தீன் ஒரே வினையில் ஊற்றுவதையும் வார்ப்பதையும் வைத்திருப்பது அதிசயமாகத் தோன்றினால், தமிழைப் பாருங்கள். 'வார்' என்ற வினை செய்வதும் இதையேதான். தோசை வார்க்கிறோம். தலைக்குத் தண்ணீர் வார்க்கிறோம். கன்னிகாதானத்தில் தாரை வார்க்கிறோம். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றினாலும் வார்க்கிறோம் என்கிறோம். வார்ப்பிரும்பு, வார்ப்படம், வார்ப்பு எல்லாம் அப்படி வந்தவை. 1979இல் பாரதிராஜா 'புதிய வார்ப்புகள்' என்று படத்துக்குப் பெயர் வைத்தபோது அதற்கு உரை எழுத யாரும் தேவைப்படவில்லை. இரண்டு மொழிகளுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. உலோகம் உருகினால் ஊற்றத்தான் முடியும். அதைப் பார்த்த எந்த மொழியும் இப்படிச் சிந்திக்க வாய்ப்புண்டு. கூடவே ஓர் எச்சரிக்கை: 'வார்த்தை'யை இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. வாயிலிருந்து வார்ப்பதால் வார்த்தை என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். ஆனால் அது வடமொழி 'வார்த்தா' வழியாக வந்த சொல்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இப்படிப்பட்ட ஒட்டுவேலை புதிதல்ல. ஆவடி என்பது 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம் என்று அங்கே பிறந்து வளர்ந்தவர்களே சத்தியம் செய்வார்கள். பீரங்கி வண்டி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே வந்தது 1961இல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1955 ஜனவரியில், காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் போட்டது. அதற்கு 'ஆவடித் தீர்மானம்' என்றே பெயர். ஊர் இருந்தது, ஆலை பிறகு வந்தது, சுருக்கத்தை யாரோ அதற்கும் பிறகு விரித்தார்கள். அம்பத்தூருக்கும் ஒரு கதை உண்டு: 51ஆவது சக்தித் தலம் இங்கே இருந்ததால் ஐம்பத்தொன்றாம் ஊர், அதுவே அம்பத்தூர் ஆனது என்பார்கள். இதை நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் 'சக்தி' என்ற பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு வாசல் வழியாகவும் வரப்போகிறது.

அதற்கு முன் ஜாஸ். இந்தச் சொல்லுக்கும் ஆவடி மாதிரி போலி வரலாறுகள் ஏராளம்: யாரோ ஓர் ஆளின் பெயர் என்பார்கள், ஆப்பிரிக்கச் சொல் என்பார்கள், பிரெஞ்சு என்பார்கள். அகராதிக்காரர்கள் தேடிக் கண்டெடுத்த பழைய அச்சுச் சான்று 1912ஆம் ஆண்டுடையது. அது இசைப் பக்கத்தில் கிடைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நாளிதழின் பேஸ்பால் செய்தியில் கிடைத்தது. ஒரு பந்துவீச்சாளர் தன் தள்ளாடும் பந்துக்கு வைத்த பெயர் அது. அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ விளையாட்டுச் செய்திகளில் துடிப்பு, தெம்பு, விறுவிறுப்பு என்ற பொருளில் அடிக்கடி வந்தது. 1915 வாக்கில் சிகாகோவில் இசையோடு ஒட்டிக்கொண்டது. ஆக, தொடக்கத்தில் ஜாஸ் என்றால் தெம்பு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் சக்தி.

ஃபியூஷன் இசைக்குள் நுழைந்த இடத்தை அமெரிக்காவில் தேடுவது வழக்கம். நான் லண்டனில் தேடச் சொல்வேன். கல்கத்தாவில் பிறந்த வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜான் மேயர் 1950களின் தொடக்கத்தில் படிப்புக்காக லண்டன் போனவர். ஜமைக்காவிலிருந்து வந்த சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டோடு சேர்ந்து, ஐந்து ஜாஸ் கலைஞர்கள், ஐந்து இந்திய இசைக் கலைஞர்கள் என்று பத்துப் பேர் கொண்ட குழுவை அமைத்தார். 1966இல் 'இண்டோ ஜாஸ் சூட்' வந்தது. 1967இல் வந்த இசைத்தட்டின் பெயர் 'இண்டோ ஜாஸ் ஃபியூஷன்ஸ்'. பெயர்ப் பலகையில் இந்தச் சொல் இவ்வளவு பெரிதாக எழுதப்பட்ட பிறகும் அமெரிக்கர்கள் ஜாஸும் ராக்கும் சேர்ந்த புது இசையை 'ஜாஸ் ராக்' என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஃபியூஷன் என்ற பெயர் நிலைத்தது 1970களின் நடுவில். ஆக, இந்தப் பெயர்ச் சீட்டை முதலில் ஒட்டியவர்களில் ஒருவர் கல்கத்தாக்காரர். அந்தத் தட்டுகளில் சிதார் உண்டு, கிட்டார் கிடையாது. ஆகவே மருமகனின் பட்டியலில் அவற்றுக்கு இடம் இல்லை.

கிட்டார் என்ற பெயரைப் பற்றி இரண்டு வரி போதும். கிரேக்க 'கிதாரா', அரபியின் 'கிதாரா', ஸ்பானிஷ் 'கிதார்ரா' என்று நடந்து வந்தது. தமிழில் கிதார், கித்தார், கிடார், கிட்டார் என்று நான்கு எழுத்து வழக்கில் உலவுகிறது. சிதாருக்கும் இதற்கும் ஒலி ஒத்தாலும், சிதார் பாரசீகத்தில் 'மூன்று தந்தி' என்று பொருள்படும் பெயர். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று யாராவது சொன்னால் ஆவடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மருமகனின் ஆலைக்குள் ஒரு நிமிடம் போக வேண்டும். சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். சிலிக்கான் உருக 1414 டிகிரி வேண்டும். இரண்டையும் சேர்த்து, சிலிக்கான் ஏறத்தாழ 12 சதவீதம் இருக்கும்படி வைத்தால், கலவை 577 டிகிரியிலேயே உருகிவிடும். தனித்தனியே இரண்டுக்கும் வேண்டிய சூட்டைவிடக் குறைந்த சூடு. அப்படி உருகியது அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடிப் பாயும். சுத்த அலுமினியம் அவ்வளவு தாராளமாக ஓடாது. டை காஸ்டிங்கில் சிலிக்கான் சேர்ந்த அலுமினியக் கலவை விரும்பப்படுவதற்கு இது ஒரு காரணம். உருகிக் கலந்தால் இரண்டிலும் இல்லாத ஒரு குணம் வரும் என்பதே செய்தி. ஃபியூஷன் என்று பெயர் போட்ட இசைத்தட்டை நான் கேட்கிற முறையும் இதுதான்: இதில் ராகமும் ஜாஸும் தனித்தனியே தராத மூன்றாவது குணம் எங்கே? கல்யாண வரவேற்பில் வயலினும் கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து சினிமாப் பாட்டு வாசித்தால் அதையும் பேனரில் ஃபியூஷன் என்று போடுகிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கலாம். ஆனால் அங்கே எதுவும் உருகவில்லை.

உருகியது எங்கே என்றால், 1975 ஜூலை 5ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில். அன்றைய மேடைக் கச்சேரியின் பதிவு 1976இல் 'சக்தி வித் ஜான் மெக்லாக்லின்' என்று வெளிவந்தது. குழுவின் பெயரே சக்தி.

அந்தப் பெயருக்கு வந்த வழி நேர்வழி இல்லை. கிட்டார் கலைஞர் மெக்லாக்லின் 1942இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் இறங்கிய கையோடு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலண்ட் வே' பதிவில் வாசித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவான 'பிட்ச்சஸ் ப்ரூ'வில் ஒரு உருப்படிக்கு இவர் பெயரையே வைத்தார் டேவிஸ். பிறகு நியூயார்க்கில் இருந்த வங்காளத் துறவி ஸ்ரீ சின்மோயின் சீடராகி, அவர் கொடுத்த 'மகாவிஷ்ணு' என்ற பெயரை ஏற்றார். 1971இல் தொடங்கிய குழு 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' ஆனது. பனாமா, செக், அயர்லாந்து, அமெரிக்கா, இங்கிலாந்து என்று ஐந்து நாட்டுக்காரர்கள். காதைப் பிளக்கும் ஒலிபெருக்கிகள். அந்தக் குழுவை விட்டு வெளியே வந்தவர் கையில் எடுத்தது மின்சாரம் இல்லாத கிட்டார், வைத்த பெயர் சக்தி. விஷ்ணுவில் ஆரம்பித்து அம்பாளிடம் வந்து சேர்ந்தார் என்று திருமுல்லைவாயில் பாட்டி ஒருத்தி சொல்லியிருப்பாள்.

சக்தி என்ற சொல்லின் வேர் வடமொழியின் 'சக்'. இயலுதல், முடிதல் என்று பொருள். ஆற்றல் என்பதைவிட, செய்ய முடிவது என்பது அதற்கு நெருக்கம். தமிழ் ஒலிமுறைக்கு மாற்றிச் சைவ சித்தாந்த நூல்கள் 'சத்தி' என்று எழுதின. பாரதியார் காலத்துக்குள் சக்தி மீண்டும் தலைதூக்கிவிட்டது. அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். அங்குள்ள கொடியிடையம்மனைக் கிரியா சக்தி என்று வணங்குவார்கள். மேலூர் திருவுடையம்மன் இச்சா சக்தி, திருவொற்றியூர் வடிவுடையம்மன் ஞான சக்தி. வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கக் கூட்டம் அலைமோதும். விருப்பமும் அறிவும் வேறு ஊர்களுக்குப் போக, செய்யும் சக்தி மட்டும் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆடி மாதத்தில் இந்த வட்டாரத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவதை அழைப்பிதழில் 'கூழ் வார்த்தல்' என்றே அச்சடிக்கிறார்கள். சக்தியும் வார்ப்பதும் இங்கே ஏற்கெனவே ஒரே நோட்டீஸில் இருக்கின்றன.

இசைக்குத் திரும்புவோம். அன்றைய மேடையில் இருந்த ஐவரில் மூவர் நம் இசை மரபின் பிள்ளைகள். மதராஸில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலின். ராம்நாடு ராகவன் மிருதங்கம். விக்கு விநாயக்ராம் கடம். தபலாவில் மும்பையின் ஜாகிர் உசேன். ராகவன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தவர். சங்கர் அங்கே ஆய்வு மாணவர். மெக்லாக்லினும் அதே வளாகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார்.

அந்த வீணைப் பாடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிட்டாரில் ஸ்வரங்களை உலோகக் கட்டைகள் பிரித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அதனதன் அறையில். கமகம் என்பதோ அறைச்சுவரை மதிக்காதது. வீணையில் மெழுகின் மேல் உயரமாகப் பதித்த 24 மெட்டுகள் உண்டு. மெட்டுக்கு மெட்டு நடுவே விரலடியில் வெற்றிடம். தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் பல ஸ்வரங்களைத் தொட்டு வரலாம். (சினிமாப் பாட்டின் மெட்டும் இந்த மெட்டும் எழுத்தில் ஒன்று, அதை விரிக்க இன்னொரு கட்டுரை வேண்டும்.) மெக்லாக்லினுக்காக கிப்சன் கம்பெனியில் இருந்த ஏப் வெக்டர் ஒரு கிட்டார் செய்தார். விரல் ஓடும் பலகையைக் கட்டைகளுக்கு நடுவே குழிவாகச் செதுக்கினார். குறுக்கே ஏழு ஒத்துத் தந்திகளையும் கட்டினார். விரலுக்கு அடியில் மரம் இல்லாததால் தந்தியை நன்றாக அழுத்தி இழுக்க முடிந்தது. வீணையின் வெற்றிடம் கிட்டாருக்குள் வந்துவிட்டது. ஃபியூஷன் நடந்த இடம் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால், மேடையையோ குழுவையோ விட்டுவிட்டு அந்தக் குழிகளைத்தான் காட்டுவேன்.

முதல் இசைத்தட்டில் மூன்றே உருப்படிகள். 'ஜாய்' 18 நிமிடம் ஓடும். இறுதி உருப்படி அரைமணியை நெருங்கும். அதன் பெயரும் கிட்டத்தட்ட அதே நீளம். நடுவில் 'லோட்டஸ் ஃபீட்' ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தயங்குபவர்கள் அந்தச் சின்னதில் தொடங்கலாம். தைரியசாலிகள் நேராக 'ஜாய்' போகலாம். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு அங்கே திகைக்க எதுவும் இல்லை. கோர்வை வருவது தெரியும், கை தானாகத் தாளம் போடும். ராக் மட்டுமே கேட்ட வெள்ளைக்காரருக்குத்தான் அது புதுக்காடு. விற்பனையிலும் அது தெரிந்தது: மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை வாங்கிக் குவித்த ரசிகர்கள் இதை அந்த அளவுக்கு வாங்கவில்லை. நம் பக்கத்துக் கேட்பவருக்கு ஜாஸ் ஃபியூஷன் கடினம் என்று சொல்பவர்கள், எந்தக் காதுக்கு எது கடினம் என்று யோசிக்காமல் சொல்கிறார்கள்.

அடுத்த இசைத்தட்டு 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. அதில் 'கிருதி' என்றே ஒரு சின்ன உருப்படி உண்டு. கிருதியும் கிரியாவும் 'செய்' என்ற பொருளுள்ள ஒரே வடமொழி வேரின் கிளைகள். 1977இன் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' உருப்படிகள் குட்டியானவை. வானொலிக்கு ஏற்றாற்போல் வெட்டியது மாதிரி எனக்குப் படும். மூன்றில் கடைசியாகக் கேளுங்கள்.

1990களின் இறுதியில் குழு 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபடி கூடியது. பெயரே ஞாபகார்த்தம். சங்கரின் இடத்துக்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார், கடத்தின் இடத்தில் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா. 2000இல் வந்த 'தி பிலீவர்' என் சிபாரிசு. கட்டையான மின்மாண்டலினில் ஸ்ரீநிவாஸ் இழுக்கும் கமகத்துக்கு மெக்லாக்லின் மின்கிட்டாரில் பதில் சொல்லும்போது எது கேள்வி, எது பதில் என்று பிரிப்பது சிரமம். ஸ்ரீநிவாஸ் 2014இல் சென்னையில் 45 வயதில் மறைந்தார். 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்' இசைத்தட்டு 'ஸ்ரீனிஸ் டிரீம்' என்று அவர் நினைவில் தொடங்குகிறது. 2024 பிப்ரவரியில் அதற்கு கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

சக்தி பழகிய பிறகு மின்சாரத்துக்குப் போகலாம். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்' (1971), 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' (1973). இரண்டாவதன் தலைப்பு உருப்படி 18 எண்ணிக்கையில் சுழலும். மிருதங்கம் படித்த பிள்ளைகள் எண்ணிப் பார்த்து மகிழலாம். பில்லி காபமின் 'ஸ்பெக்ட்ரம்' (1973), ஜெஃப் பெக்கின் 'ப்ளோ பை ப்ளோ' (1975) இரண்டும் இன்னும் எளிது. பேட் மெத்தேனியின் 'பிரைட் சைஸ் லைஃப்' (1976) மூன்றே பேர் வாசித்தது. இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கு உகந்தது. மெக்லாக்லின், பாக்கோ தெ லூசியா, அல் டி மியோலா மூவரும் வாசித்த 'ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ' (1981) எல்லாப் பட்டியலிலும் முதலில் வரும். விரல் வேகத்தில் வாயைப் பிளக்கலாம். முதல் இடத்தை மட்டும் நான் கொடுக்க மாட்டேன். 'பிட்ச்சஸ் ப்ரூ' மூல நூல் என்று சொல்லி எடுத்த எடுப்பில் அதைத் திணிப்பவர்களை நம்ப வேண்டாம். இருட்டில் பழகிய பிறகு போக வேண்டிய அறை அது.

நம் ஊரிலேயே வார்த்தவையும் உண்டு. 1980களில் சென்னையில் சுகுமார் பிரசாத் மின்கிட்டாரில் கர்நாடக இசைக் கச்சேரிகள் செய்தார். அவருக்குப் பின் ஆர். பிரசன்னா: சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர், திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் ஏ. கன்யாகுமாரியிடமும் இசை கற்றவர், பிறகு பாஸ்டனின் பெர்க்லி கல்லூரிக்குப் போனவர். 2006இல் வந்த அவருடைய 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்', ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' என்ற பெயரை உருக்கிப் பிள்ளையார் அச்சில் ஊற்றியது. பெயரில் இருக்கும் குறும்பு இசையிலும் இருக்கிறது; ஹெண்ட்ரிக்ஸின் இரைச்சலுக்குக் கீழே தென்னிந்தியத் தாள வாத்தியங்கள் உருளும். பியானோ கலைஞர் விஜய் ஐயரோடும் தபலா நிதின் மிட்டாவோடும் 2011இல் செய்த 'தீர்த்தா' அமைதியானது, ஆழமானது, இரண்டு மூன்று முறை கேட்டால்தான் கதவு திறக்கும். மெக்லாக்லினின் 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' சென்னையில் பதிவாகி 2008இல் வெளிவந்தது. டிரம்ஸில் ரஞ்சித் பாரோட், தாள வாத்தியத்தில் சிவமணி, புல்லாங்குழலில் சஷாங்க், மாண்டலினில் ஸ்ரீநிவாஸின் தம்பி யு. ராஜேஷ். வெளிநாட்டில் வார்த்த சரக்கென்று அலமாரியில் தனியே வைக்க இதை விட மாட்டேன்.

பெயருக்குத் தமிழ் என்ன? 'கலப்பிசை' என்று சிலர் எழுதுகிறார்கள். கலப்பு என்றதும் பருப்பில் கல், பாலில் தண்ணீர் என்று கலப்படம் பின்னாலேயே வந்து நிற்கிறது. 'இணைவிசை' என்றால் இரண்டும் அருகருகே கைகோத்து நிற்கின்றன, உருகவில்லை. இளையராஜா 1986இல் தியாகராஜரையும் ஜெர்மானிய இசைமேதை பாக்கையும் சந்திக்க வைத்த இசைத்தட்டுக்கு 'ஹவ் டு நேம் இட்?' என்று பெயர் வைத்தார். பெயர்ச் சிக்கலை அவரளவுக்கு நேர்மையாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அது கிட்டார் தட்டு இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்க வேண்டியது. மூலப்பொருளுக்கு நெருங்கி வரும் தமிழ்ச்சொல் ஒன்று வேண்டுமென்றால் 'வார்ப்பிசை' என்று சொல்லிப் பார்க்கலாம். நாக்கு ஒப்பவில்லை என்பவர்கள் ஃபியூஷன் என்றே சொல்லிவிட்டுப் போகட்டும். ஃபியூஸை நாம் எந்தத் தயக்கமும் இல்லாமல்தானே வீட்டுக்குள் விட்டோம்.

மருமகனுக்கு அனுப்பிய பட்டியலில் முதலில் இருப்பது 1976இன் 'சக்தி'. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போக மின்சார ரயிலில் ஏறத்தாழ முக்கால் மணி ஆகும். தட்டு அதைவிடக் கொஞ்சம் நீளம். உங்கள் பகுதி நூலகத்திலோ சபாவிலோ இளைஞர்கள் யாராவது ஃபியூஷன் என்றால் என்ன என்று கேட்டால், விளக்கம் சொல்லத் தொடங்காமல் 'ஜாய்' உருப்படியை முழு 18 நிமிடமும் போட்டுக் காட்டுங்கள், நடுவில் நிறுத்தாமல்.